நேற்று எப்படி இருந்தார்?

(முதியோர் பராமரிப்பும் அவசர சிகிச்சையும் குறித்துப் பொதுமக்களுக்காக ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



கேஷுவாலிட்டி வாசலில் எந்த ஊரிலும் தவறாமல் காதில் விழும் வாக்கியம் ஒன்று உண்டு. "கூட வந்தவங்க எல்லாம் வெளிய நில்லுங்க." அதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஒரு நோயாளிக்கு ஆறு பேர் வந்து சுற்றி நிற்பார்கள். ஆளுக்கொரு கதை சொல்வார்கள். ஏழாவதாக ஒருவர் வந்து செல்போனில் வீடியோ எடுப்பார். இடநெருக்கடியில் நிற்கும் நர்ஸ் வேறென்ன சொல்ல முடியும்? ஆனால் ஸ்ட்ரெச்சரில் கிடப்பவருக்கு எழுபத்தெட்டு வயது என்றால், வெளியே அனுப்பப்படும் ஆட்களோடு ஒரு மருத்துவத் தகவலும் கூடவே போய்விடுகிறது. ரத்தப் பரிசோதனையிலோ ஸ்கேனிலோ அகப்படாத தகவல். இவர் நேற்று எப்படி இருந்தார் என்பதுதான் அது.

இன்றைக்கு நான் பேச வந்தது இந்த ஒரு கேள்வியைப் பற்றி மட்டும்தான். அதைக் கேட்பதற்கும், பதிலை அளந்து எழுதுவதற்கும், வேளை வந்தால் அந்தப் பதிலையே சந்தேகப்படுவதற்கும் நர்சிங் ஆராய்ச்சி நமக்கு வழி செய்து கொடுத்திருக்கிறது. மூன்றில் கடைசியதுதான் கஷ்டமானது. அதில் பெரிய வேலை செய்தவர் டெர்ரி ஃபுல்மர் என்ற அமெரிக்க நர்ஸ். அவரிடம் போய்ச் சேர்வதற்கு முன், நேற்றைப் பற்றி ஏன் இவ்வளவு கவலை என்று சொல்லிவிடுகிறேன்.

இளவயதுக்காரருக்கு நிமோனியா வந்தால் காய்ச்சல் கொதிக்கும், இருமல் வரும், நெஞ்சு வலிக்கும். நோய் தன் பெயரைத் தானே சொல்லிக்கொண்டு வரும். எண்பது வயதில் அப்படி இல்லை. காய்ச்சல் இல்லாமல் நிமோனியா வரும். நெஞ்சுவலி இல்லாமல் மாரடைப்பு வரும். "காலையிலிருந்து ஒரு மாதிரி அசதியா இருக்குங்க, காப்பி வேணாம்னுட்டார்" என்று மருமகள் சொல்லும் அந்த ஒரு வரிதான் முழு நோய்க்குறியாக இருக்கும். இதயத் துடிப்பைக் குறைக்கும் மாத்திரையைப் பல வருடமாகச் சாப்பிடுகிறவருக்கு, உள்ளே ரத்தம் கசிந்துகொண்டிருந்தாலும் நாடி எண்பதைத் தாண்டாது. ரத்த அழுத்தம் 110 என்று கருவி காட்டும். கேஸ் ஷீட்டில் எழுதும்போது நல்ல எண்ணாகத்தான் தெரியும். வீட்டில் வழக்கமாக 160இல் இருக்கிற மனிதருக்கு அது பெரிய சரிவு. விபத்தில் அடிபட்டவர்களைத் தரம் பிரிப்பதற்காக 2011இல் அமெரிக்காவில் திருத்திய வழிகாட்டுதல், 65 வயதைத் தாண்டியவருக்கு ரத்த அழுத்தத்தின் மேல் எண் 110க்குக் கீழே போனாலே அது அதிர்ச்சி நிலையாக இருக்கலாம் என்று எச்சரித்தது. இப்படித் தனி வரம்பு வைக்க வேண்டிவந்ததற்குக் காரணம், முதியவரின் இன்றைய எண் அவருடைய நேற்றைய எண்ணோடு சேர்த்துப் பார்த்தால்தான் அர்த்தப்படும் என்பதே.

உடம்புக்கே இப்படி என்றால் மனதுக்கு? டெலிரியம் என்று மருத்துவர்கள் சொல்கிற திடீர்க் குழப்பத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மறதி நோய் வருடக் கணக்கில் ஊர்ந்து வருவது. டெலிரியம் சில மணி நேரத்தில், சில நாட்களில் வருவது. சிறுநீர்த் தொற்று, உப்புச்சத்துக் குறைவு, புதிதாக எழுதிக் கொடுத்த தூக்க மாத்திரை, மலச்சிக்கல், எதுவும் அதைக் கொண்டுவரலாம். டெலிரியம் என்றதும் கட்டிலிலிருந்து இறங்கி ஓடுகிற, ட்ரிப்ஸைப் பிடுங்கி எறிகிற நோயாளிதான் நம் நினைவுக்கு வருவார். நாஷ்வில்லில் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்து ஜின் ஹானும் அவருடைய குழுவும் அவசரப் பிரிவுக்கு வந்த 303 முதியவர்களைச் சோதித்து 2009இல் முடிவை வெளியிட்டார்கள். அவர்களில் 25 பேருக்கு டெலிரியம். அந்த 25இல் 23 பேர் ஓடவும் இல்லை, கத்தவும் இல்லை. அமைதியாகப் படுத்திருந்தார்கள். அவசரப் பிரிவு மருத்துவர்கள் கவனிக்காமல் விட்டது 19 பேரை.

நர்சிங் மாணவர்கள் அந்தப் பத்தொன்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். சத்தம் போடுகிற நோயாளியை வார்டே திரும்பிப் பார்க்கும். சாந்தமாகக் கண்மூடிக் கிடப்பவரை "தாத்தா நல்லா தூங்குறாரு, தொந்தரவு பண்ணாதீங்க" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவோம். தூங்குகிறாரா, அமிழ்ந்துகொண்டிருக்கிறாரா என்று சொல்லக்கூடியவர் கதவுக்கு வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார்.

எடின்பரோவில் அலஸ்டேர் மக்லல்லிச் என்ற பேராசிரியரும் அவருடைய கூட்டாளிகளும் உருவாக்கி, 2011 முதல் புழக்கத்துக்கு வந்த ஒரு சிறு சோதனை இருக்கிறது. ஃபோர் ஏ டி என்று பெயர். இரண்டு நிமிடம் போதும். பணம் கட்ட வேண்டாம், தனிப் பயிற்சியும் வேண்டாம். நோயாளி விழிப்பாக இருக்கிறாரா என்று பார்க்க வேண்டும். வயது, பிறந்த தேதி, இருக்கும் இடம், நடக்கும் வருடம் ஆகிய நான்கையும் கேட்க வேண்டும். மாதங்களை டிசம்பரிலிருந்து பின்னோக்கிச் சொல்லச் சொல்ல வேண்டும். இவ்வளவும் நோயாளியிடம். உடன் வந்தவரிடம் கேட்கும் கடைசிக் கேள்வி அவர் இப்போது இருக்கும் நிலையைப் பற்றியதல்ல, அதற்கு முந்தைய நாட்களைப் பற்றியது. கடந்த இரண்டு வாரத்துக்குள் இவருடைய நினைவிலோ நடத்தையிலோ திடீர் மாற்றம் வந்திருக்கிறதா, அது ஏறி இறங்குகிறதா, கடந்த 24 மணி நேரத்திலும் தெரிந்ததா? மொத்த மதிப்பெண் நான்கைத் தொட்டால் டெலிரியம் இருக்கலாம் என்று கணக்கு. இந்த ஒரு கேள்விக்கு ஆம் என்று பதில் வந்தால் அதற்கு மட்டுமே நான்கு மதிப்பெண். அதாவது நோயாளி எல்லாக் கேள்விக்கும் சரியாகப் பதில் சொன்னாலும், உடன் வந்தவருடைய ஒரு வார்த்தைக்கு மணி அடிக்கிற அதிகாரத்தை அந்தச் சோதனை கொடுத்திருக்கிறது. எனக்கு மிகவும் பிடித்த அம்சம் இது.

இடையில் ஒன்று. பிறந்த தேதி கேட்டால் நம் ஊரில் பல பாட்டிமார்கள் சிரிப்பார்கள். தனுஷ்கோடிப் புயல் அடித்தபோது கைக்குழந்தையோடு இருந்தேன் என்பார்கள், ஆதார் அட்டையில் இருப்பது ஏதோ ஒரு ஜூன் மாதத் தேதியாக இருக்கும். ஆங்கில மாதம் தெரியாதவர் பங்குனி, மாசி, தை என்று பின்னோக்கி மளமளவென்று சொல்லிவிடுவார். அப்படிக் கேட்கலாமா என்று மாணவர்கள் என்னிடம் கேட்பதுண்டு. படுக்கையருகே ஒரு மனிதரைப் புரிந்துகொள்ளத் தாராளமாகக் கேளுங்கள். ஆனால் கேள்வியை மாற்றிவிட்டால் பழைய மதிப்பெண்ணை அப்படியே போட முடியாது, நம் மக்களிடம் வைத்து மறுபடி சோதித்தாக வேண்டும். நர்சிங்கில் முதுநிலை ஆய்வுக்குத் தலைப்பு கிடைக்கவில்லை என்று புலம்புகிறவர்கள் என்னை வந்து பார்க்கலாம்.

அளப்பது என்றதும் டோரீன் நார்ட்டனைச் சொல்லாமல் விட முடியாது. இங்கிலாந்து நர்ஸ். மருத்துவமனையில் முதியவர்களைப் பராமரிப்பதில் உள்ள சிக்கல்களைப் பற்றி ரோடா மக்லாரன், முதியோர் மருத்துவர் எக்ஸ்டன் ஸ்மித் ஆகியோரோடு சேர்ந்து அவர் செய்த ஆய்வு 1962இல் வெளிவந்தது. அந்தக் காலத்தில் படுக்கைப் புண் வந்தால் நர்ஸின் சோம்பேறித்தனம் என்று வசை விழும். புண் வராமலிருக்க ஸ்பிரிட், களிம்பு, எண்ணெய் என்று ஒவ்வொரு மருத்துவமனையும் ஒவ்வொன்றைத் தேய்த்துக்கொண்டிருந்தது. எதைத் தேய்த்தால் பலன் என்று ஒப்பிட வேண்டுமானால், முதலில் ஒரே அளவு ஆபத்தில் இருக்கிற நோயாளிகளைச் சேர்க்க வேண்டும். அதற்காக நார்ட்டன் ஒரு அளவுகோல் செய்தார். உடல்நிலை, மனநிலை, நடமாட்டம், படுக்கையில் அசையும் திறன், மலஜலம் அடக்கும் திறன் ஆகிய ஐந்துக்கும் ஒன்று முதல் நான்கு வரை மதிப்பெண். கூட்டினால் அதிகபட்சம் இருபது. பதினான்கோ அதற்குக் கீழோ வந்தால் புண் வரும் அபாயம். கடைசியில் களிம்புகள் எதுவும் பெரிதாகச் சாதிக்கவில்லை, நேரம் தவறாமல் புரட்டிப் படுக்கவைத்ததுதான் காப்பாற்றியது. வேறொன்றுக்காகச் செய்த அந்த அளவுகோல் மட்டும் உலகமெல்லாம் பரவிவிட்டது.

முதியோர் வார்டில் பிறந்த அளவுகோலுக்கு அவசரப் பிரிவில் என்ன வேலை? ஸ்ட்ரெச்சரைத் தொட்டுப் பாருங்கள், தெரியும். ஒல்லியான மெத்தை, குறுகலான அகலம். வார்டில் கட்டில் காலியாகும் வரை இடுப்பெலும்பு முறிந்த பாட்டி அதில்தான் கிடப்பார். தோல் நசுங்கிச் சிதையச் சில மணி நேரம் போதும். புண் வெளியே தெரிவது மூன்றாம் நாள் வார்டில் என்பதால் பழி வார்டு நர்ஸுக்குப் போகும். பிரான்சில் 97 அவசரப் பிரிவுகளில், 2022 டிசம்பரில் குறிப்பிட்ட இரு இரவுகளில் வந்த 75 வயதைத் தாண்டிய 1,598 பேரைப் பின்தொடர்ந்தார்கள். விடிய விடிய அவசரப் பிரிவிலேயே ஸ்ட்ரெச்சரில் காத்திருந்தவர்களில் 15.7 சதவீதம் பேர் மருத்துவமனையிலேயே இறந்தார்கள். நள்ளிரவுக்கு முன் வார்டுக்குப் போய்விட்டவர்களில் 11.1 சதவீதம். அன்றாட வேலைகளுக்கு ஓரளவு பிறர் உதவி தேவைப்பட்டவர்களுக்குத்தான் ஆபத்து கூடுதல். பிரான்சில் இந்த நிலை. நம் பெரிய ஆஸ்பத்திரிகளில் ஒரு இரவை நினைத்துப் பாருங்கள். சென்னை அரசு பொது மருத்துவமனையில் முதியோர் மருத்துவத்துக்கென்று 1978லேயே பிரிவு தொடங்கிய ஊர் நம்முடையது. ஆனால் இரவு இரண்டு மணிக்கு வழுக்கி விழுந்த தாத்தா அந்தப் பிரிவின் கதவு வழியாக வருவதில்லை.

இப்போது டெர்ரி ஃபுல்மருக்கு வருகிறேன். மாணவர்களுக்கு அவர் பெயர் ஸ்பைசஸ் என்ற சிறு பட்டியல் வழியாகத் தெரிந்திருக்கலாம். தூக்கம் கெடுவது, சாப்பாடு இறங்காதது, மலஜலம் அடக்க முடியாதது, குழப்பம், கீழே விழுவது, தோல் புண்ணாவது ஆகிய ஆறையும் ஷிஃப்டுக்கு ஒருமுறை பார்த்தாயா என்று நர்ஸுக்கு நினைவூட்டுவது அது. வந்த நோய் எதுவானாலும் முதியவரைக் கவிழ்ப்பது இந்த ஆறில் ஒன்றாகத்தான் இருக்கும். ஆறுமே நர்ஸின் கண்ணில் முதலில் படுபவை. நியூயார்க் பல்கலைக்கழகத்திலிருந்து 1992இல் தொடங்கிய நைச் என்ற திட்டத்தில், மருத்துவமனை நர்ஸ்களை முதியோர் பராமரிப்பில் தேர்ந்தவர்களாக்குவதற்கு அவர் உழைத்தார். 2015 முதல் ஜான் ஏ. ஹார்ட்ஃபோர்ட் அறக்கட்டளையின் தலைமைப் பொறுப்பில் இருந்து, முதியோருக்கு இணக்கமான மருத்துவமனை என்ற இயக்கத்தை நடத்தினார். இவையெல்லாம் பெரிய வேலைகள்தான். ஆனால் அவருடைய ஆரம்பகால வேலைதான் எனக்கு முக்கியம்.

பாஸ்டனில் பெத் இஸ்ரேல் மருத்துவமனை. 1980களின் தொடக்கம். வயதான பெற்றோரை வீட்டில் அடிக்கிறார்கள் என்று 1975இல் பிரிட்டிஷ் மருத்துவ ஏடுகளில் சிலர் எழுதியபோது படித்தவர்கள் முகம் சுளித்தார்கள். குழந்தையை அடிக்கிறார்கள் என்றால் நம்பலாம், பாட்டியையுமா? ஃபுல்மரும் அவருடன் இருந்த நர்ஸ்களும் அவசரப் பிரிவில் வரும் முதியவர்களை அந்தக் கண்ணோடு பார்ப்பதற்கு ஒரு மதிப்பீட்டுப் படிவம் தயாரித்தார்கள். 1984இல் அவசர நர்சிங் ஏட்டில் அது வெளியானது.

படிவத்தை எடுத்துப் பார்த்தால் அதில் கூட்டுத்தொகை கிடையாது. நார்ட்டன் எண்ணை நம்பினார், ஃபுல்மர் இந்த விஷயத்தில் எண்ணை நம்பவில்லை. தோற்றம், சுத்தம், ஊட்டம் ஆகியவற்றைப் பார். அடித்த தடயம், கவனிக்காமல் விட்ட தடயம், பணத்தைச் சுரண்டிய தடயம், கைவிட்டுப் போன தடயம் என்று தனித்தனியே பார். மருத்துவக் காரணம் சொல்ல முடியாத ஒரு தடயம் இருந்தாலும், முதியவரே வாய்திறந்து சொன்னாலும், பரிசோதித்தவருக்கு வலுவான ஐயம் இருந்தாலும் சமூகப் பணியாளரிடம் அனுப்பு. அவ்வளவுதான். அனுபவமுள்ள நர்ஸின் மனதில் தோன்றும் ஐயத்தையும் ஒரு சான்றாக எழுதி வைத்த துணிச்சல் அதில் இருக்கிறது. அதைப் பலவீனம் என்று சொல்கிற ஆய்வாளர்கள் உண்டு. என் கட்சி ஃபுல்மர் கட்சி.

ஏனென்றால் முதுமை, கொடுமையைப் போலவே தழும்பு வைக்கும். வயதான தோல் தொட்டாலே கன்றிப்போகும். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிட்டால் இன்னும் மோசம். எலும்பு தும்மினாலும் முறியும். கலிபோர்னியாவில் லாரா மொஸ்கெடா என்ற மருத்துவரின் குழு 101 முதியவர்களை ஆறு வாரம் தினமும் பார்த்து, தானாக வரும் கன்றல் எங்கே வருகிறது என்று குறித்து 2005இல் வெளியிட்டது. கிட்டத்தட்ட 90 சதவீதம் கை கால்களில். கழுத்திலும் காதிலும் பிட்டத்திலும் உள்ளங்காலிலும் ஒன்றுகூட இல்லை. நிறத்தை வைத்து எத்தனை நாள் பழசு என்று சொல்வதும் நம்பத்தக்கதல்ல என்று அதே ஆய்வு சொன்னது. ஆக, முழங்கையில் கன்றியிருந்தால் பதற வேண்டாம். காதுக்குப் பின்னால் கன்றியிருந்தால் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருங்கள்.

இங்கேதான் சிக்கல். உடன் வந்தவரை உள்ளே விடுங்கள், நேற்றைப் பற்றி அவருக்குத்தான் தெரியும் என்று இவ்வளவு நேரம் வாதாடினேன். நேற்று என்ன நடந்தது என்று மிக நன்றாகத் தெரிந்தவர் அதைச் செய்தவராகவே இருந்தால்? "பாத்ரூம்ல விழுந்துட்டாங்க சிஸ்டர்" என்று அவரே முந்திக்கொண்டு சொல்வார். பாட்டியிடம் கேட்கும் கேள்விக்கெல்லாம் அவரே பதில் சொல்வார். பாட்டி ஒவ்வொரு வார்த்தைக்கும் அவர் முகத்தைப் பார்ப்பார். ஆகவே அதே கேள்வியை இரண்டு தடவை கேட்க வேண்டும், ஒரு தடவை அவர் இருக்கும்போது, இன்னொரு தடவை அவர் இல்லாதபோது. சண்டை போட்டு வெளியே தள்ள வேண்டியதில்லை. எக்ஸ்ரே அறைக்குப் போகும் வழி போதும், உடை மாற்றும் இரண்டு நிமிடம் போதும். "யாராவது அடிச்சாங்களா?" என்று ஆரம்பித்தால் எந்தத் தாயும் மகனைக் காட்டிக்கொடுக்க மாட்டாள். "வீட்ல சாப்பாடு யார் போடறாங்கம்மா? மாத்திரை யார் எடுத்துக் குடுக்கறாங்க? பென்ஷன் பணம் யார் கையில வருது? ராத்திரி தனியா இருக்க பயமா இருக்கா?" இந்த வரிசையில் போனால் மூன்றாவது கேள்வியில் கண் கலங்கும். அதற்குப் பிறகு நர்ஸ் தனியாக எதையும் தீர்க்க முயலக் கூடாது. மருத்துவரும் சமூகப் பணியாளரும் கூட இருக்க வேண்டும். பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் 2007இல் வந்துவிட்டது. 14567 என்ற உதவி எண் இருக்கிறது. வார்டுச் சுவரில் அதை நான் அதிகம் பார்த்ததில்லை.

ஆனால் எல்லாவற்றையும் குற்றமாகப் பார்ப்பதும் அநியாயம். ஃபுல்மர் பிற்காலத்தில், கவனிப்பாரற்றுப் போன நிலையை ஆராய்ந்தபோது முதியவரை மட்டும் பார்க்கவில்லை. அவசரப் பிரிவுகளுக்கு வந்த முதியவரையும் அவரைக் கவனித்துக்கொண்டவரையும் ஜோடியாக எடுத்து, இருவருடைய பலவீனங்களையும் சேர்த்து மதிப்பிட்டார். எழுபத்துமூன்று வயது மனைவி எண்பது வயதுக் கணவரைத் தூக்கிப் புரட்டிப் படுக்கவைக்க முடியாததால் வந்த புண்ணும், கதவைப் பூட்டிவிட்டு மூன்று நாள் திருமணத்துக்குப் போய்விட்டதால் வந்த புண்ணும் பார்க்க ஒன்றாகத்தான் இருக்கும். முதல் வீட்டுக்குத் தேவை போலீஸ் இல்லை, இரவில் வந்து கை கொடுக்கும் ஒரு ஆள்.

வீட்டுக்குத் திரும்பிய பிறகும் வேலை முடிவதில்லை என்று மேரி நெய்லர் காட்டினார். பென்சில்வேனியா பல்கலைக்கழகத்து நர்சிங் பேராசிரியர். டிஸ்சார்ஜ் ஆன முதியவரை நான்கு வாரம் வரை ஒரு தேர்ந்த நர்ஸ் வீட்டுக்கே போய்ப் பார்த்தார், போனில் பேசினார். 363 பேரிடம் செய்து 1999இல் வெளியிட்ட ஆய்வில், 24 வாரத்துக்குள் மறுபடி மருத்துவமனையில் சேர்ந்தவர்கள் வழக்கமான கவனிப்பில் 37.1 சதவீதம், இந்தக் கவனிப்பில் 20.3 சதவீதம்தான். ஆஸ்திரேலியாவில் குயின்ஸ்லாந்தின் நம்பூர் மருத்துவமனையில் அவசரப் பிரிவுக்குள்ளேயே முதியோருக்கென்று நர்ஸ்களை நிறுத்திப் பார்த்தார்கள். அமெரிக்காவில் 2008இல் மேரிலாந்தின் சில்வர் ஸ்பிரிங்கில் தனி முதியோர் அவசரப் பிரிவே திறந்தார்கள். பெரிய எழுத்துக் கடிகாரம், வழுக்காத தரை, தடித்த மெத்தை. கடிகாரமும் மெத்தையும் வாங்குவது சுலபம். கேள்வி கேட்க நேரமுள்ள ஒரு நர்ஸை நிறுத்துவதுதான் எல்லா நாட்டிலும் பட்ஜெட்டில் அடிபட்டுப் போகிறது.

கடைசியாக, வந்திருக்கும் குடும்பத்தாரிடம் ஒரு வார்த்தை. அப்பாவையோ அம்மாவையோ தூக்கிக்கொண்டு ஓடும்போது மாத்திரைப் பையை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். கண்ணாடி, காது மெஷின், பல்செட் மூன்றையும் எடுத்துக்கொள்ளுங்கள். காது கேட்காதவர் கேள்விக்கு உளறினால் அது டெலிரியம் ஆகாது. வழக்கமான ரத்த அழுத்தம் எவ்வளவு, தானாக நடப்பாரா, கடைசியாக எப்போது தெளிவாகப் பேசினார் என்று ஒரு தாளில் எழுதிக் கொண்டுபோங்கள். வெளியே நிற்கச் சொன்னால் அந்தத் தாளை நர்ஸ் கையில் கொடுத்துவிட்டு நில்லுங்கள்.

இதில் எனக்கே விடை தெரியாத ஓர் இடம் இருக்கிறது. 108 ஆம்புலன்ஸில் தனியாக வந்து இறங்குகிறவர்கள். அமெரிக்காவிலிருக்கும் மகனை வீடியோ காலில் பிடித்தால், அவருக்குத் தெரிவது போன ஞாயிற்றுக்கிழமை பேசிய அப்பாவை மட்டும்தான். நேற்றைய அப்பாவைத் தெரிந்தவர் பால்காரர், எதிர்வீட்டுக்காரர், வாரம் இருமுறை வீடு பெருக்க வரும் அம்மா. அவர்களுடைய போன் எண் அவசரப் பிரிவின் எந்தப் படிவத்திலும் இல்லை. அதை எழுதுவதற்கு ஒரு கட்டம் போட வேண்டும் என்பது என் யோசனை. யார் போடுவது, முதியவரின் சம்மதம் எப்படி வாங்குவது, அந்த அம்மா சொல்வதை மருத்துவர் காதில் வாங்குவாரா என்பதெல்லாம் இனிமேல் பேசித் தீர்க்க வேண்டியவை. கேள்வி நேரத்தில் அங்கிருந்தே தொடங்கலாம்.